ஒரே முகம்

சினிமா நடிகர்களைப் பற்றி வாதம் நடக்கும் இடங்களிலெல்லாம் ஒரு கட்சி தவறாமல் எழும்புகிறது. ராஜாவாகவும் பிச்சைக்காரனாகவும், கிழவனாகவும் காதலனாகவும் மாறி மாறி வேஷம் தரித்து நவரசங்களையும் காட்டுகிறவனே நடிகன். எந்தப் படத்திலும் ஒரே மாதிரி வந்து போகிறவனுக்குத் திறமை ஏது என்பது அந்தக் கட்சி. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆயினும், இந்த அளவுகோலைக் கையிலெடுப்பவர்கள் அமெரிக்க ஹாஸ்ய நடிகர் பஸ்டர் கீட்டனின் சரித்திரத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டுமென்று கோருகிறோம்.

கீட்டன் 1895-ம் வருஷம் அக்டோபர் 4-ந் தேதி கான்ஸாஸ் மாகாணத்தில் பிக்வா என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் ஊர் ஊராகச் சென்று மேடையில் வேடிக்கை காட்டிப் பிழைத்தவர்கள். குழந்தையும் சிறு பிராயத்திலேயே மேடையேறிவிட்டது. தகப்பனார் பையனைத் தூக்கி எறிவார். அவன் திரைமீதும், சில சமயம் வாத்தியக்காரர்களின் நடுவிலும் போய் விழுவான். எறிவதற்கு வசதியாக அவன் சட்டை முதுகில் தோல் பெட்டியின் கைப்பிடி ஒன்றைத் தைத்திருந்தார்கள். குழந்தைகளைக் கொடுமையினின்று காக்கும் சங்கத்தார் பல முறை தலையிட்டார்கள்; தலையிட்டது முற்றிலும் சரி என்பதே நம் அபிப்பிராயம். ஆனால் அந்த மேடையில் பையன் இரண்டு வித்தைகளைக் கற்றான். அடிபடாமல் விழுவது ஒன்று. விழுந்து எழுந்ததும் தான் சிரித்தால் ஜனங்கள் சிரிப்பதில்லை, தான் கல்லைப் போல் நின்றால் கொட்டகையே அதிர்கிறது என்று அறிந்தது மற்றொன்று.

1917-ல் ஆர்பக்கிள் என்ற பிரபல ஹாஸ்ய நடிகரின் கோஷ்டியில் சேர்ந்து படங்களில் நடிக்கலானார். அந்த ஆரம்பப் படங்களில் கீட்டன் சிரித்ததும் உண்டு, அழுததும் உண்டு. இதை நேயர்கள் கவனிக்க வேண்டும். சிரிக்கத் தெரியாதவர் அல்லர்; தெரிந்தும் வேண்டாமென்று ஒதுக்கியவர். 1920 முதல் சொந்தமாகப் படம் எடுக்கத் தொடங்கியதும் அந்த ஒரே முகத்தை வரித்துக்கொண்டார். சில கதைகளில் பணக்கார வீட்டுப் பிள்ளை, சிலவற்றில் வேலையற்ற ஏழை; முகம் ஒன்றே. 1925-ல் வெளியான ஒரு படத்தில் சீட்டாட்டக்காரன் ஒருவன் துப்பாக்கியை நீட்டிச் சிரிக்கச் சொல்லி மிரட்டுகிறான். கீட்டன் இரண்டு விரல்களால் வாயின் இரு ஓரங்களையும் மேலே தள்ளிக் காட்டுகிறார். அவ்வளவுதான் அவர் செய்தது.

1926-ல் வந்த 'ஜெனரல்' படத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். 1862-ம் வருஷத்து உள்நாட்டுப் போர்தான் கதை. அடிமை முறைக்காகப் போரிட்ட தென் பகுதியாரின் பக்கத்தில் கதாநாயகனை நிறுத்தியது நமக்கு உவப்பல்ல. அது வேறு விஷயம். ரெயில் இஞ்சின் டிரைவரான அவனைப் பட்டாளத்தில் சேர்க்க மறுக்கிறார்கள். காரணத்தை அவனிடம் சொல்லவில்லை. கோழை என்று எண்ணிக் காதலி முகம் கொடுக்காமல் போகிறாள். அவன் இஞ்சின் சக்கரங்களை இணைக்கும் இரும்புத் தண்டின்மேல் போய் உட்காருகிறான். இஞ்சின் நகர்கிறது. தண்டு அவனை மேலே தூக்கிக் கீழே இறக்கி மறுபடியும் தூக்குகிறது. அவனோ துக்கத்தில் அதை உணரவேயில்லை. சக்கரம் சறுக்கியிருந்தால் நடிகரின் உயிருக்கே ஆபத்து. கண்ணீர் இல்லை, மார்பில் அடித்துக்கொள்ளுதல் இல்லை. கருணையும் ஹாஸ்யமும் ஒரே கணத்தில் நம்மை வந்து தாக்குகின்றன. ஒன்பது ரசங்களையும் ஒன்பது முகத்தால் காட்டுகிறவரால் இதைச் செய்ய முடியுமா என்று கேட்கிறோம்.

நம் வக்கீல் தொழிலிலும் இதைக் கண்டிருக்கிறோம். எல்லா வழக்கும் நடத்துகிறவரையே கட்சிக்காரர்கள் மெச்சுவார்கள். ஆனால் சிக்கல் வந்தால் மற்ற வக்கீல்கள் யோசனை கேட்கப் போவது, நில வழக்கு ஒன்றையே முப்பது வருஷம் நடத்தியவரிடம்.

துரதிருஷ்டவசமாக 'ஜெனரல்' வசூலில் தோற்றது. 1928-ல் வெளிவந்த மற்றொரு படத்தில் முழு வீட்டுச் சுவர் ஒன்று அவர்மீது சாய, மாடி ஜன்னலின் திறப்புக்குள் சில அங்குல இடைவெளியில் உயிர் தப்பி நின்றார். அதுவும் லாபம் தரவில்லை. அவ்வருஷமே சொந்த ஸ்தாபனத்தைக் கைவிட்டு, எம்.ஜி.எம். என்ற பெரிய கம்பெனியில் சம்பளக்காரராகச் சேர்ந்தார். போக வேண்டாமென்று சாப்ளின் தடுத்தும் கேட்கவில்லை.

பிறகு நடந்ததுதான் நம் வாதத்துக்கு முக்கியமான சாட்சியம். ஆயிரம் முகங்கள் கொண்டவரென்று பெயரெடுத்த லான் சேனியை வைத்து அந்தக் கம்பெனி ஏராளமாகச் சம்பாதித்திருந்தது. சேனியின் கலையை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பேசும் படம் வந்ததும், கீட்டனும் பலவிதமாக விளங்க வேண்டுமென்று முதலாளிகள் விரும்பினார்கள். 1930-ல் அவரைப் பாட வைத்தார்கள், ஆட வைத்தார்கள், முகத்தில் சாயம் பூசிக் கோமாளியாக்கிப் பரிதாபத்துக்கு நிறுத்தினார்கள். ஸ்பானிஷ், ஜெர்மன், பிரெஞ்சு பாஷைகளிலும் பேச வைத்தார்கள். அதாவது, நம் நண்பர்கள் கோரும் நானாவித நடிப்பு முழுவதையும் அவர் செய்தார். உண்மையை மறைக்கலாகாது, அந்தப் படங்கள் நன்றாகவே ஓடின. ஆனால் இன்று அவற்றைத் தேடிப் பார்ப்பவர்கள் மிகச் சிலர். கீட்டன் குடியில் விழுந்தார். 1932-ல் மனைவி விவாகரத்துப் பெற்றார். 1933-ல் கம்பெனி அவரை நீக்கியது. சில வருஷங்களுக்குப் பின், வாரம் 3,000 டாலர் வாங்கிய அதே இடத்தில் 100 டாலருக்குப் பிறருடைய படங்களுக்கு வேடிக்கைக் காட்சிகள் யோசித்துக் கொடுக்கும் ஊழியரானார்.

1940-ல் எலினார் என்ற மாதை மணந்த பிறகு அவர் வாழ்வு நிலைபெற்றது. 1950-களில் பழைய ஊமைப் படங்கள் வெளியே கிடைத்து மறுபடியும் ஓடின. 1960-ல் அமெரிக்க சினிமா அகாடமி விசேஷ விருது அளித்தது.

1964-ல் நாடகாசிரியர் சாமுவேல் பெக்கெட் தாம் எழுதிய ஒரு சிறு படத்துக்குக் கீட்டனை அழைத்தார். படம் முழுவதும் காமிரா அவரைப் பின்னாலிருந்தே தொடர்கிறது. முகம் தெரிவதே இல்லை. முடிவில்தான் அவர் திரும்புகிறார். கண்ணொன்றில் கறுப்புத் துணி மூடியிருக்கிறது. சுருக்கம் விழுந்த அந்தப் பழைய முகம் நம்மைப் பார்க்கிறது. 1966-ம் வருஷம் பிப்ரவரி 1-ந் தேதி, தம் எழுபதாவது வயதில், கீட்டன் காலமானார்.