பந்தும் பட்டறையும்: ஹேபியர் அடிகளார்

மாலையில் மகன் பந்தோடு வெளிக்கிட்டால் புத்தகத்தை எடுக்கும்படி அதட்டுவது நம் வீடுகளில் வழக்கம். விளையாட்டு சோறு போடாது என்பது பெற்றோரின் எண்ணம். அந்த எண்ணத்துக்குத் தம் வாழ்வாலேயே பதில் சொன்ன ஒரு குருவானவர் கிழக்கிலங்கையில் வாழ்ந்தார். அவரே சேசு சபைத் துறவி யூஜின் ஜோன் ஹேபியர் அடிகளார்.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 1923ஆம் ஆண்டு பிறந்த இவர், இளவயதிலேயே சேசு சபையில் சேர்ந்தார். 1895 முதல் பிரெஞ்சு சேசு சபைக் குருக்கள் உழைத்த திருகோணமலை மறைமாவட்டத்துக்கு, இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கக் குருக்கள் துணையாக வரத் தொடங்கினர். மட்டக்களப்பும் அன்று அந்த மறைமாவட்டத்தைச் சேர்ந்ததே. அவ்வாறு வந்தவர்களுள் ஒருவராக, 1948இல் ஹேபியர் அடிகளார் இலங்கை மண்ணில் கால் வைத்தார்.

திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியில் அவர் ஆசிரியரானார், கூடைப்பந்தாட்டப் பயிற்றுநருமானார். அவரிடம் பழகிய மாணவர் அணி நாடெங்கும் பெயர் பெற்றது.

இந்தக் கூடைப்பந்தாட்டத்தின் பிறப்பும் கவனிக்கத்தக்கது. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில், ஜேம்ஸ் நெயிஸ்மித் என்ற உடற்பயிற்சி ஆசிரியர், குளிர்காலத்தில் மாணவர் உள்ளரங்கில் ஆட ஒரு விளையாட்டைத் தேடினார். பத்தடி உயரத்தில் இரண்டு பழக்கூடைகளை மாட்டி, உதைபந்து ஒன்றை எடுத்து, பதின்மூன்று விதிகளை எழுதினார். நெயிஸ்மித் இறையியல் கற்றவர். பின்னர் மருத்துவப் பட்டமும் பெற்றார். ஆன்மாவையும் உடலையும் பிரித்துப் பார்க்காத ஒருவரின் படைப்பு இது.

அந்த விதிகளுள் ஒன்று, பந்தைக் கையில் பிடித்தபடி ஓடக்கூடாது என்பது. முன்னேற வேண்டுமானால் தட்டிக்கொண்டு போக வேண்டும். இல்லையேல் தோழனுக்குக் கொடுக்க வேண்டும். தனக்கென்றே வைத்துக்கொள்பவன் நின்ற இடத்திலேயே நிற்பான். வாழ்க்கைக்கும் இதைவிடத் தெளிவான பாடம் வேறென்ன?

பின்னாளில் அடிகளார் மட்டக்களப்புக்கு வந்து, ஈ.ரி.ஐ. என அழைக்கப்படும் கிழக்குத் தொழில்நுட்ப நிலையத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்றார். படிப்பைத் தொடர வழியற்ற இளைஞர் கைத்தொழில் கற்றுத் தம் காலில் நிற்க உதவும் இடம் அது. திடலிலிருந்து பட்டறைக்கு மாறினாலும் பணி ஒன்றுதான். கையும் கண்ணும் கருத்தும் இசைய வேண்டும்; ஒரே அசைவைச் சலிப்பின்றி நூறு முறை செய்ய வேண்டும்; தவறினால் மீண்டும் தொடங்க வேண்டும். ஆட்டக்காரனுக்கும் தொழிலாளிக்கும் இது பொது.

1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டது. ஆகஸ்டில் வாவிக்கரை ஊர்கள் இரத்தத்தில் நனைந்தன. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் முஸ்லிம் மக்கள் கொல்லப்பட்டனர். தமிழ் மக்களும் கொல்லப்பட்டுக் காணாமற் போயினர். அறுபத்தாறு வயதான அடிகளார் தாய்நாடு திரும்பியிருக்கலாம், திரும்பவில்லை. துன்புற்றோருக்காகக் குரல் கொடுத்தபடி இங்கேயே நின்றார். அவ்வாண்டு ஆகஸ்ட் 15, தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாள். கலவரத்தால் நிலைகுலைந்திருந்த வாழைச்சேனைக்குச் சென்ற அவர், இளைஞர் ஒருவருடன் ஸ்கூட்டரில் மட்டக்களப்பு நோக்கிப் புறப்பட்டார். ஏறத்தாழ இருபது மைல் பாதை. இருவரும் வந்து சேரவேயில்லை. அவர்களுடைய உடல்கள்கூடக் கிடைக்கவில்லை. கல்லறையில்லாத அந்த இருவருக்காகவும் நாம் செபிக்கக் கடமைப்பட்டவர்கள்.

மட்டக்களப்பில் வெபர் மைதானம், ஹரல்ட் வெபர் அடிகளார் என்ற மற்றொரு அமெரிக்க சேசு சபைக் குருவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. விளையாட்டைப் பெரிதாக மதித்த குருக்கள் நம்மிடையே ஒருவரல்லர் என்பதற்கு அது சாட்சி.

பெற்றோரே, இன்று சுகாதாரமும் உடற்கல்வியும் பாடசாலைப் பாடங்களில் ஒன்று. அதைக் கற்றவர் ஆசிரியராகலாம், பயிற்றுநராகலாம், நடுவராகலாம். மேற்கொண்டு படித்தால் உடற்பிணி தீர்க்கும் இயன்மருத்துவராகலாம். ஆனால் விசிலும் ஓட்டமும் மட்டும் போதாது. எலும்பு, தசை, இதயம் இயங்கும் முறையை அறிய வேண்டும். கால் சுளுக்கியவனுக்கு முதலுதவி செய்யத் தெரிய வேண்டும். வெயிலில் ஆடும் பிள்ளைக்கு எப்போது தண்ணீர், எப்போது ஓய்வு என்று உணர வேண்டும். தோற்றுத் தலைகுனிந்து வருபவனைத் தேற்றவும் வேண்டும்.

இவை யாவற்றுக்கும் மேலான ஒன்றை ஹேபியர் அடிகளாரிடம் காண்கிறோம். நல்ல பயிற்றுநர் ஆட்டம் கடினமாகும்போது பிள்ளைகளை விட்டுப் போவதில்லை. மாலையில் மகனோ மகளோ பந்தை எடுக்கும்போது அதட்டுமுன் அவரை ஒருகணம் நினைத்துக்கொள்வோம்.