தாமஸ் குக்

உல்லாசப் பிரயாணத்தோடு சேர்த்தே நாம் கேட்டுப் பழகிய பெயர் தாமஸ் குக். அப்பெரியார் தம் வாலிபத்தில் பெரும்பாலும் கால்நடையாகவே சஞ்சரித்தவர் என்பதை நம்மிற் பலர் அறியோம். 1808-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் டார்பிஷயரைச் சார்ந்த மெல்போர்ன் என்னும் சிற்றூரில் ஏழைக் குடும்பத்திற் பிறந்தார். பத்து வயதிலேயே பள்ளியை விட்டுத் தோட்டவேலைக்குச் சென்றார். பின்பு பாப்டிஸ்ட் சபையின் கிராமப் பிரசங்கியாராகி, 1829-இல் மாத்திரம் இரண்டாயிரம் மைலுக்கு மேல் நடந்தார்.

அக்காலத்துத் தொழிலாளிக்கு வேறு வழி யாது? கோச்சு வண்டியின் கூரைமீது அமர்ந்து செல்லவும் பல நாட் கூலி வேண்டும். சரக்கு வண்டியில் மூட்டைகளினிடையே ஒண்டிச் சென்றாலோ, குதிரையின் நடையளவே வேகம். ஆதலின் பலர் நடந்தனர்.

1841 ஜூனில் மதுவிலக்குக் கூட்டமொன்றிற்காக மார்க்கெட் ஹார்பரோவிலிருந்து லெஸ்டருக்குச் சுமார் பதினைந்து மைல் நடக்கையில், இவ்வன்பர்களுக்கெனத் தனிப் புகைவண்டி அமர்த்தினால் என்ன என்னும் எண்ணம் குக்குக்கு உதித்தது. ஜூலை 5-இல் ஏறக்குறைய 500 பேர், ஆளுக்கு ஒரு ஷில்லிங் கொடுத்து, லெஸ்டரிலிருந்து லஃப்பரோ சென்று மீண்டனர். ஏறியவை கூரையற்ற வண்டிகள். புகையும் கரித்தூளும் மேலே படியும். ஆயினும் நடந்து தேய்ந்த கால்களுக்கு அது பல்லக்கன்றோ! மழைக்கு மறைவும் இருக்கையும் உள்ள வண்டியை மைலுக்கு ஒரு பென்னிக்கு மிகாத கட்டணத்தில் நாடோறும் ஒரு முறையேனும் ஓட்டவேண்டுமெனச் சட்டம் பிறந்தது 1844-இல்தான்.

1851-இல் லண்டன் மாநகரில் நடந்த பெருங் கண்காட்சிக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டோரை அவர் அனுப்பிவைத்தார். வாரந்தோறும் சில்லறை சேர்த்துவைத்துப் புறப்பட்ட ஆலைத் தொழிலாளர் அவருள் அநேகர். முதுமையிற் கண்பார்வை இழந்து, 1892-இல் லெஸ்டரில் காலமானார்.