ஏட்டுச் சொல்லும் நாட்டு வழக்கும்

உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர் மகன் சாமிநாதையர் என்பதன் சுருக்கமே உ.வே.சா. என்பதாகும். தமிழ்த் தாத்தா என்று அழைக்கப்படும் இவர், அந்நாளைய தஞ்சை மாவட்டத்தில் 1855ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19ஆம் நாள் பிறந்தார். தந்தையார் இசைவாணர். மகனோ தமிழை நாடினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராய்ச் சேர்ந்து அந்தாதி, உலா, கோவை, பிள்ளைத்தமிழ், புராணம் எனப் பல நூல்களைப் பாடங் கேட்டார். 1880ஆம் ஆண்டு கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார்.

அவ்வாண்டிலேயே சேலம் இராமசாமி முதலியார் என்பவர் அவ்வூருக்கு முன்சீப்பாக வந்தார். அவரைக் காணச் சென்ற உ.வே.சா., தாம் கற்ற நூல்களின் பெயர்களை வரிசையாகக் கூறினார். முதலியாருக்கு அப்பட்டியல் நிறைவளிக்கவில்லை. சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை போன்ற பழைய நூல்களைப் படித்ததுண்டா என அவர் வினவினார். படித்ததில்லை என்பதே உ.வே.சா.வின் விடை. பின்னர் முதலியார் சிந்தாமணியின் கையெழுத்துப் படி ஒன்றைத் தந்து, அதைத் தமக்குப் பாடஞ் சொல்லுமாறு கேட்டார்.

எந்த நூலாயினும் பொருள் கண்டுவிடலாம் என்ற துணிவோடு படிக்கத் தொடங்கிய ஆசிரியர் திகைத்தார். எழுத்துகள் தமிழே, சொற்களுள் பலவற்றின் பொருளோ விளங்கவில்லை. ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகரத்திற்கும் ஏகாரத்திற்கும் ஒரே வடிவம். ஆதலால் எரி என்பதும் ஏரி என்பதும் ஒன்று போலவே தோன்றும். நெருப்பா, நீர்நிலையா என்பதை முன்னும் பின்னும் உள்ள சொற்களைக் கொண்டே துணிய வேண்டும்.

நச்சினார்க்கினியரின் பழைய உரை அவருக்குத் துணை நின்றது. ஆயினும் அவ்வுரையில் வேறு நூல்களின் அடிகள் நூற்பெயர் இன்றி மேற்கோளாக வந்தன. உ.வே.சா. அவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு, அவை எந்த நூலில் உள்ளன என ஏடு ஏடாகத் தேடினார். ஒரு சொல் வேறிடத்தில் எப்பொருளில் வருகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தார். ஓரிடத்தில் மறைந்திருந்த பொருள் மற்றோரிடத்தில் வெளிப்பட்டது. இத்தேடலே அவரைச் சங்க நூல்களிடம் அழைத்துச் சென்றது.

சிந்தாமணி சமண சமயக் காப்பியம். அச்சமயச் சொற்கள் அவருக்குப் புதியவை. கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்கள் அந்நூலைப் போற்றிப் படித்து வருவதை அறிந்து, அவர்கள் இல்லங்களுக்கே சென்றார். கல்லூரி ஆசிரியர் என்ற பெருமிதம் கொள்ளாமல், மாணவரைப் போல ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தார். பிற்காலத்தில் மணிமேகலையை ஆராய்ந்தபோதும் பௌத்தக் கருத்துகளை அறிந்தவரை நாடிக் கற்றார்.

ஏட்டிலும் உரையிலும் விளங்காத இடமும் ஒன்று இருந்தது. துன்புற்ற சீவகன் தன்னை, ஆடு மேய்க்கும் இடையன் வெட்டிய மரத்தோடு ஒப்பிடுகிறான். யார் வெட்டினாலும் மரம் மரந்தானே! இடையன் வெட்டியதற்கு என்ன தனிச்சிறப்பு? விடை நாட்டு வழக்கில் கிடைத்தது. இடையன் வெட்டு அறாவெட்டு என்பது பழமொழி. ஆட்டுக்குத் தழை வேண்டும் இடையன் கிளையை முற்றும் துண்டிப்பதில்லை. பாதி வெட்டி வளைத்து விடுவான். ஆடுகள் எட்டித் தின்னும், கிளை பட்டுப்போகாது, செழித்து ஓங்கவும் செய்யாது. சாவும் இன்றி வாழ்வும் இன்றி வருந்துபவனுக்கு இதைவிடப் பொருத்தமான உவமை உண்டோ? படிக்காதவர் என எண்ணப்படுவோரின் பேச்சிலும் பழந்தமிழ் உயிரோடு இருப்பதை உ.வே.சா. உணர்ந்தார்.

இவ்வுழைப்பில் காலத்தாழ்வுக்கு இடமில்லை. பல ஏடுகள் செல்லரித்துப் போயின. சில ஆற்றுவெள்ளத்தில் விடப்பட்டன. சில தீயில் இடப்பட்டன. ஏடு அழிந்தால் நூல் அழியும். ஏடு இருந்தும் பொருள் அறிவார் இல்லையெனில் நூல் இருந்தும் இல்லாததே. ஆகவே ஊர் ஊராக அலைந்து ஏடுகளைத் திரட்டினார். சீவக சிந்தாமணி 1887இல் அச்சேறியது. பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் வெளிவந்தன.

1942ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் உ.வே.சா. மறைந்தார். தெரியாத சொல்லைக் கண்டு அவர் நாணவும் இல்லை. அதைத் தாண்டிச் செல்லவும் இல்லை. அவர் ஒவ்வொரு சொல்லாகத் தெளிந்து தந்த நூல்களையே இன்று உலகெங்கும் தமிழர் கற்கின்றனர்.

பயிற்சி

1. எரி, ஏரி ஆகிய சொற்கள் ஏட்டில் ஒன்று போலத் தோன்றியது ஏன்?
2. பொருள் அறிய உ.வே.சா. கையாண்ட வழிகள் மூன்றினை எழுதுக.
3. அகராதியைப் பாராமல், பாடத்தில் வரும் இடத்தைக் கொண்டு பொருள் எழுதுக: இசைவாணர், செல்லரித்து, அறாவெட்டு.
4. உன் வீட்டுப் பெரியோரிடம் கேட்டு, நீ அறியாத பழமொழி ஒன்றனையும் அதன் பொருளையும் எழுதுக.