எண்ணெய் விடும் வேலையால் புகழ் பெற்ற எலைஜா மெக்காய்!

அவர் படித்ததோ என்ஜினீயர் தொழில். கிடைத்ததோ கரி அள்ளிப் போடும் வேலை. காரணம், அவர் ஒரு கறுப்பர்!

ஆனால், அந்த வேலையைச் செய்துகொண்டே, ரெயில் என்ஜின்கள் நிற்காமல் ஓட அவர் வழி கண்டுபிடித்தார். அவர் பெயர் எலைஜா மெக்காய்.

அடிமைகளின் மகன்

மெக்காயின் தாய், தந்தையர் அமெரிக்காவில் கெண்டக்கி மாநிலத்தில் அடிமைகளாக இருந்தவர்கள். அக்காலத்தில் அங்கே கறுப்பர்களை ஆடு மாடுகளைப் போல விலைக்கு விற்பார்கள், வாங்குவார்கள்.

இருவரும் இரகசியமாகத் தப்பி, கனடா நாட்டுக்கு ஓடினார்கள். அங்கே அடிமை முறை ஒழிந்திருந்தது. அந்நாட்டில் கால்செஸ்டர் என்ற இடத்தில், 1840-களில் எலைஜா பிறந்தார். பிறகு குடும்பம் அமெரிக்காவுக்குத் திரும்பி, மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலாண்டி என்ற ஊரில் குடியேறியது.

எலைஜாவின் 15-வது வயதில், பெற்றோர் அவரைக் கடல் கடந்து ஸ்காட்லாந்துக்கு அனுப்பினார்கள். எடின்பரோ நகரில் தொழில் பழகி, அவர் என்ஜினீயராகத் திரும்பினார்.

நின்று நின்று ஓடிய ரெயில்

கறுப்பரை என்ஜினீயராக வைத்துக்கொள்ள யாரும் முன்வரவில்லை. "மிச்சிகன் சென்ட்ரல்" ரெயில் கம்பெனியில் பயர்மேன் வேலைதான் கிடைத்தது. அடுப்பில் கரி போட வேண்டும். என்ஜினுக்கு எண்ணெய் விட வேண்டும்.

இரும்போடு இரும்பு உராய்ந்தால் சூடு உண்டாகும். பாகங்கள் தேயும். கடைசியில் இறுகி நின்றுவிடும். மாட்டு வண்டியின் அச்சுக்கு மை போடுவதும், இயந்திரத்துக்கு எண்ணெய் விடுவதும் இதற்காகத்தான்.

அப்போது ரெயிலை அடிக்கடி நிறுத்தி, கையால் எண்ணெய் விட வேண்டியிருந்தது. இதனால் நேரம் வீணாயிற்று.

என்ஜின் ஓடும்போதே எண்ணெய் தானாகச் சொட்டினால் என்ன என்று மெக்காய் சிந்தித்தார். வீட்டிலேயே ஒரு பட்டறை வைத்து, கருவி ஒன்றைச் செய்தார்.

எண்ணெய் நிரம்பிய கிண்ணம். அதன் நடுவில் ஒரு தண்டு. என்ஜினின் நீராவி அந்தத் தண்டை மேலே தள்ளும். உடனே துவாரம் திறந்து, எண்ணெய் உள்ளே இறங்கும். இந்தக் கருவிக்கு 1872-ல் அவர் பேடண்ட் உரிமை பெற்றார்.

அவருக்கு முன்பும் சிலர் எண்ணெய்க் கருவிகள் செய்ததுண்டு. ஆனால் மெக்காயின் கருவி நன்றாக வேலை செய்தது. ரெயில்களிலும் கப்பல்களிலும் அதைப் பொருத்தினார்கள்.

அசல் சரக்கை "ரியல் மெக்காய்" என்று ஆங்கிலத்தில் சொல்வது உண்டு. அது இவர் பெயரால் வந்தது என்று பலர் கூறுவார்கள். அதற்கு உறுதியான சான்று இல்லை.

காருக்கும் எண்ணெயே உயிர்

மெக்காயின் வாழ்நாளிலேயே மோட்டார் கார் வந்துவிட்டது. கார் என்ஜினில், ஒரு சிறு பம்பு எண்ணெயை எல்லாப் பாகங்களுக்கும் அனுப்புகிறது.

ஓட ஓட, அந்த எண்ணெயில் கரியும் இரும்புத் தூளும் சேரும். அதை வடிகட்ட, எர்னஸ்ட் ஸ்வீட்லாந்து என்ற அமெரிக்கர் 1923-ல் கார்களுக்கு ஆயில் பில்டர் அமைத்தார். இன்றைய பில்டர்கள் பலவற்றில், மடிப்பு மடிப்பான காகிதம் அழுக்கைப் பிடிக்கிறது. அது அடைத்துக்கொண்டால், வடிகட்டாத எண்ணெயே என்ஜினுக்குள் போகும்.

பில்டர் அழுக்கைப் பிடிக்குமே தவிர, கெட்டுப்போன எண்ணெயைப் புதிதாக்காது. ஆகவே காருடன் தரும் புத்தகத்தைப் பார்க்க வேண்டும். அதில் கிலோ மீட்டர் கணக்கும் மாதக் கணக்கும் இருக்கும். எது முதலில் வருகிறதோ, அப்போது எண்ணெயை மாற்ற வேண்டும். பில்டரையும் அந்தப் புத்தகம் சொல்லும் தவணையில் மாற்ற வேண்டும். சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க நினைத்தால், என்ஜினே போய்விடும்!

கடைசிக் காலம்

மெக்காய் 50-க்கு மேற்பட்ட பேடண்டுகள் பெற்றார். துணி தேய்க்கும் மேஜையும், புல் தரைக்கு நீர் தெளிக்கும் கருவியும் அவற்றில் உண்டு. 1915-ல், எண்ணெயோடு கிராபைட் தூளைக் கலந்து விடும் கருவிக்கும் உரிமை பெற்றார்.

ஆனால் கையில் முதல் இல்லை. ஆகவே பல உரிமைகளைப் பணக்காரர்களுக்குக் கொடுத்துவிட நேர்ந்தது. லாபம் அவர்களுக்குப் போயிற்று. 1920-ல்தான், டெட்ராயிட் நகரில் அவர் பெயரில் ஒரு கம்பெனி தோன்றியது.

1922-ல் மெக்காயும் அவர் மனைவி மேரியும் கார் விபத்தில் சிக்கினார்கள். மறு ஆண்டு மேரி இறந்தார். அதன் பிறகு மெக்காயின் உடல் தேறவே இல்லை. 1929 அக்டோபரில், ஏழைகளுக்கான ஒரு மருத்துவ விடுதியில் அவர் காலமானார்.

2012-ல், அமெரிக்கப் பேடண்ட் இலாகா டெட்ராயிட்டில் ஒரு கிளை திறந்தது. அதற்கு எலைஜா மெக்காய் என்று பெயர் சூட்டினார்கள்.

என்ஜினீயர் வேலைக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்டவரின் பெயர், கண்டுபிடிப்புகளுக்கு உரிமை வழங்கும் அலுவலகத்தின் வாசலிலேயே ஏறியது!