எலிகளைக் கவனித்த வைத்தியர்: அலெக்சாந்தர் யெர்சின்

பிளேக் மாரியம்மன் என்னும் பெயர் பூண்ட கோயில்கள் கோயமுத்தூர்ப் பக்கத்தில் இன்றும் உள. எலி விழுந்தது என்ற சொல் செவியில் பட்ட மாத்திரத்தில், நம் முன்னோர் பலர் வீட்டைத் துறந்து ஊர்ப்புறத்தே குடிசையிட்டு வசித்தனர். எலியின் சாவுக்கும் மனிதன் சாவுக்கும் உள்ள தொடர்பை அவர்கள் கண்ணாற் கண்டிருந்தனர். அதனை நுண்ணோக்கியின் வாயிலாக மெய்ப்பித்த பெரியார் ஒருவரின் சரிதையை ஈண்டுச் சுருக்கி உரைப்போம்.

யெர்சின் 1863-ஆம் ஆண்டில் ஸ்விட்சர்லாந்து தேசத்தில் பிறந்தார். தந்தையார் அதற்கு முன்னரே காலஞ்சென்றுவிட்டார். பாரிஸ் நகரில் வைத்தியம் பயிலுங்கால், வெறிநாய்க்கடியால் மாண்ட ஒருவனது பிரேதத்தைச் சோதிக்கையில் தம் விரலை அறுத்துக்கொண்டார். பாஸ்தூர் அப்பொழுதுதான் கண்டிருந்த மருந்தை ரூ என்னும் வைத்தியர் இவருக்கு ஏற்றினார். தீங்கொன்றும் நேரவில்லை, அக்காயமே இவரைப் பாஸ்தூரின் ஆய்வுக்கூடத்திற் கொண்டு சேர்த்தது. 1888-இல் ரூவும் இவரும் தொண்டையடைப்பான் நோயின் நஞ்சை வெளிப்படுத்திப் புகழெய்தினர். எனினும் 1890-இல் அனைத்தையும் விட்டுக் கப்பல் வைத்தியராய்க் கீழ்த்திசைக்கு ஏகினார். கடல்மீதும் கானகத்தின்மீதும் இவர் கொண்ட மோகம் அத்தகையது!

1894 ஜூன் மாதத்தில், கொள்ளைநோய் மூண்டிருந்த ஹாங்காங்கை அடைந்தார். ஜப்பானிய நிபுணர் கிதசாதோ சில நாள் முந்தி வந்து, வைத்தியசாலையில் சகல வசதிகளும் பெற்றிருந்தார். யெர்சினுக்கோ ஆய்வதற்குப் பிரேதமும் கிட்டவில்லை. ஓலைக்குடிசை ஒன்றமைத்து, சவம் அடக்கும் மாலுமிகளுக்குப் பணம் கொடுத்துத் தம் காரியத்தை முடித்தார். இச்செயல் தகுமோ என்பார் இருக்கலாம். நாள்தோறும் ஜனங்கள் மடிந்துகொண்டிருந்த அவ்வூரில் இவரைக் குறைகூற நாம் துணியோம். நெறிக்கட்டியைக் கீறி நோக்க, கிருமிகள் திரளாய்த் தென்பட்டன. தெருக்களில் செத்துக் கிடந்த எலிகளையும் அறுத்துப் பார்த்தார். அவற்றினுள்ளும் அதே கிருமி! கிதசாதோவும் கிருமியைக் கண்டதாக அறிவித்தமையால் இருவரையும் குறிப்பிடுதல் நியாயம். ஆயினும் தெளிவாக விவரித்தவர் யெர்சினே.

அடுத்த ஆண்டு அன்னாம் கடற்கரையிலுள்ள நியாத்திராங்கில் கூடம் நிறுவி, குதிரைகளின் இரத்தத்தினின்று மாற்று மருந்து தயாரித்தார். 1896-இல் கான்டன் நகரில் சீன மாணவன் ஒருவன் அதனாற் பிழைத்தான். 1897-இல் பெருநம்பிக்கையோடு பம்பாய்க்கு வந்தார். அந்தோ, அங்கே அம்மருந்து எதிர்பார்த்தவாறு பலிக்கவில்லை! பணியை ஸீமோன் என்பவரிடம் ஒப்புவித்துவிட்டு இவர் மீண்டார். அந்த ஸீமோனே 1898-இல் கராச்சியில், செத்த எலியின் உடல் குளிர்ந்ததும் தெள்ளுப்பூச்சி அதனை நீங்கி வேறுயிரைப் பற்றி நோயைக் கடத்துகிறதென்று காட்டினார். ஆகவே எலி விழுவது மனிதனுக்கு முன்கூட்டி வரும் எச்சரிக்கையாயிற்று. துறைமுகங்களில் எலிகளைப் பிடித்துச் சோதிப்பதும், கப்பற் கயிறுகளில் எலி ஏறாதபடி வட்டத்தகடுகள் மாட்டுவதும் இவ்வறிவின் பயனே.

யெர்சின் நியாத்திராங்கிலேயே தங்கி, மாட்டு நோய்களை ஆராய்ந்தும், ரப்பரும் சிங்கோனாவும் பயிரிட்டும் காலங்கழித்தார். மணம் புரியவில்லை. வானிலையைக் கணித்து, புயல் வருமுன் அயலிலிருந்த செம்படவர்க்கு அறிவிப்பது இவர் வழக்கம். 1943 மார்ச்சு 1-ஆம் தேதி உயிர் நீத்தார். அவ்வூருக்கு அண்மையிலேயே இவரது சமாதி இருக்கிறது.