அர்ச். அருளானந்தர்: உடுப்பும் உள்ளமும்



பிப்ரவரி மாதம் 4-ந் தேதி அர்ச். அருளானந்தர் திருநாள். நம் குடும்பங்களில் பலர் ஆவுடையார்கோவிலுக்குத் தெற்கே மாவட்ட எல்லையைத் தாண்டி ஓரியூருக்குப் போய், பாம்பாற்றங்கரைச் செம்மண்ணில் ஒரு பிடியை முந்தானையில் முடிந்துகொண்டு வருவதுண்டு. அந்த மண்ணை வீட்டில் பத்திரமாய் வைத்திருப்போர், அந்த வேதசாட்சி எப்படிப்பட்ட மனிதர் என்பதையும் அறிந்திருப்பது நல்லது.

அவர் 1647-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி லிஸ்பன் நகரில் பிரபுக் குலத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து, அரண்மனையில் ராஜகுமாரர்களுக்குத் தோழனாக வளர்ந்தார். ஒருமுறை சாகக்கிடந்தபோது தாயார் அர்ச். சவேரியாருக்கு நேர்ந்துகொண்டாள்: பிள்ளை பிழைத்தால் ஓராண்டு சேசுசபையாரின் அங்கியை உடுத்தி வைப்பேன் என்பது நேர்ச்சை. பிள்ளை பிழைத்தான். பட்டும் சரிகையும் அணிந்த சிறுவர் நடுவே அவன் ஒருவன் மாத்திரம் கறுப்பு அங்கியோடு நடமாடினான். சின்ன அப்போஸ்தலர் என்று அரண்மனையில் அவனுக்குப் பட்டப்பெயர். தாய் விளையாட்டாய்ப் போர்த்திய அங்கியல்ல அது என்பது 1662-ல் தெரிந்தது. பதினைந்து வயதில் அவனே சேசுசபையில் சேர்ந்துவிட்டான். பதினொரு ஆண்டு கழித்துக் குருப்பட்டம் பெற்று இந்தியாவுக்குக் கப்பலேறப் புறப்பட்டபோது, அதே தாய் தன் செல்வாக்கையெல்லாம் கொண்டு தடுக்கப் பார்த்தாள். நேர்ந்துகொள்வது எளிது, கொடுத்துவிடுவதுதான் கடினம். குருமடத்திற்குப் பிள்ளையை அனுப்பிய தாய்மார்களைக் கேட்டால் சொல்வார்கள்.

1674-ல் அவர் மதுரை மிஷனில் கால் வைத்தார். தத்துவ போதக சுவாமி காலந்தொட்டு அந்த மிஷன் குருக்கள் இந்நாட்டுத் துறவிகளைப்போலவே வாழ்ந்து வந்தார்கள். பிராமண சந்நியாசி கோலத்தில் இருப்பவர் தாழ்த்தப்பட்டோரின் குடிசைக்குள் போக முடியாது. பண்டாரசுவாமிகளோ எல்லாச் சாதியாரிடமும் போகலாம். ஆகையால் அவர் பண்டாரசுவாமி ஆனார். காவி உடுத்து, தலைப்பாகை கட்டி, புலால் நீக்கி, வெறுந்தரையில் படுத்து, தமிழ் பேசி, அருளானந்தர் என்ற பெயரையும் தரித்துக்கொண்டார்.

இது வேஷமல்லவா என்று ஒரு வாலிபர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் மறவர் சீமையில் நடந்ததிலேயே இருக்கிறது.

1686-ல் மங்கலம் என்ற ஊரில் அவரும் உபதேசிமாரும் பிடிபட்டார்கள். கட்டி வைத்து அடித்தார்கள். கயிற்றில் கட்டித் தண்ணீரில் அமிழ்த்தினார்கள். சிவன் பெயரை ஒருமுறை சொன்னால் போதும், விட்டுவிடுகிறோம் என்றார்கள். நாட்டின் உடையை உடுத்த மனிதர், நாட்டின் சோற்றை உண்ட மனிதர், நாட்டின் மொழியைப் பேசிய மனிதர் அந்த ஒரு வார்த்தையை மாத்திரம் சொல்லவில்லை. பகையினாலோ இகழ்ச்சியினாலோ அல்ல. நம் அண்டை வீட்டார் பக்தியோடு அதைச் சொல்லும்போது அவர்கள் வாயும் மனதும் ஒன்றாயிருக்கின்றன. அவர் சொல்லியிருந்தால் வாய் ஒன்று, மனது ஒன்றாகியிருக்கும். உடுப்பை ஆத்துமங்களின்மேலுள்ள அன்பினால் மாற்றலாம். உயிருக்குப் பயந்து விசுவாசத்தை மாற்றிச் சொல்லலாகாது. இந்த வேற்றுமையை அவர் நன்றாய் அறிந்திருந்தார்.

நம்மிலும் கோவிலில் ஒரு பெயர், காகிதத்தில் ஒரு பெயர் என்றிருப்போர் உண்டு. அவர்களைப் பழிக்க நான் இதை எழுதவில்லை. ஞானஸ்நானம் பெற்ற தலித் மக்களுக்குச் சலுகை இல்லையென்று வைத்த 1950-ம் ஆண்டு ஜனாதிபதி உத்தரவு எத்தனை வீட்டில் இந்தச் சங்கடத்தை உண்டாக்கியிருக்கிறது என்பது பங்குக் குருவுக்குத் தெரியாததல்ல. அவர்கள் படும் மனவேதனையை அருளானந்தர் நம்மைவிட நன்றாய் உணர்வார்.

இராமநாதபுரத்தில் ரகுநாத கிழவன் சேதுபதி அவரை விசாரித்து, இனி இச்சீமையில் போதிக்கக் கூடாது என்று சொல்லி விடுதலை செய்தார். நம் புதுக்கோட்டைத் தொண்டைமானின் சகோதரியை மணந்தவர் இந்தச் சேதுபதிதான். பிறகு மிஷன் காரியமாய் அருளானந்தர் 1687-ல் லிஸ்பன் போனார். அங்கே கூட விளையாடிய பேதுரு இப்போது அரசர். தம்மோடே தங்கும்படி அரசர் எவ்வளவோ கேட்டும் அவர் இசையவில்லை. அரண்மனை விருந்து காத்திருக்க, இவர் காய்கறி உணவையும் தரைப்படுக்கையையும் விடவில்லை. பார்க்கத் தமிழர் ஒருவரும் இல்லாத ஊர் அது! வேஷமானால் அங்கே கழற்றிப் போட்டிருக்கலாமே. 1690-ல் மீண்டும் கப்பலேறினார்.

அரச குடும்பத்தைச் சேர்ந்த தடியத்தேவர் நோயில் கிடந்து, அருளானந்தர் அனுப்பிய உபதேசியாரின் செபத்தால் சுகமாகி, ஞானஸ்நானம் கேட்டார். அவருக்கு மனைவியர் பலர். பெரிய மனிதர், சபைக்குப் பாதுகாவலாயிருப்பார் என்று கண்டும் காணாமல் விட்டிருக்கலாம். அருளானந்தர் விடவில்லை. முதல் மனைவியை மாத்திரம் வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குத் தக்க ஏற்பாடு செய்தாலன்றி ஞானஸ்நானம் இல்லை என்றார். தேவரும் மழுப்பவில்லை, அப்படியே செய்தார். 1693 ஜனவரி 6-ந் தேதி, மூவிராசாக்கள் திருநாளன்று, ஞானஸ்நானம் நடந்தது. விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதியின் நெருங்கிய உறவுப்பெண். அவள் அழுதுகொண்டு அரண்மனைக்குப் போனாள். அவளைக் கொடியவளாய்ச் சித்தரிப்பது பிரசங்கங்களில் வழக்கம். எனக்கு அது சரியாய்ப் படவில்லை. ஒரு பாவமும் அறியாமல் வாழ்வை இழந்தவளின் கண்ணீர் அது.

இரண்டே நாளில் அருளானந்தர் பிடிபட்டார். சேதுபதி அவரை ஓரியூருக்கு அனுப்பி, அவ்விடத்துத் தலைவரான உடையத்தேவர் கையில் இரகசியமாய் மரணத் தீர்ப்பை ஒப்புவித்தார். சிறையில் மையில்லை, எழுதுகோல் இல்லை. கரியைத் தண்ணீரில் குழைத்துக் குச்சியால் தோழருக்குக் கடிதம் எழுதினார். தேவ கட்டளையைப் போதித்ததே தம்மேல் சாட்டப்பட்ட குற்றம் என்றும், அதற்காகச் சாவது தமக்கு ஆனந்தம் என்றும் அதில் அறிவித்தார். மறுநாள் பிப்ரவரி 4, விபூதிப் புதன்கிழமை. ஆற்றங்கரை மேட்டில் முழந்தாளிட்டு செபித்து, எழுந்து, கொலைஞனைத் தழுவிக்கொண்டு, வாளுக்குத் தலை கொடுத்தார். 46 வயது நிறைய ஒரு மாதம் குறைவு. எனக்கும் ஏறக்குறைய அந்த வயதுதான். திருநாள் பூசையில் அதை நினைக்கையில் சற்றுக் கூச்சமாயிருக்கிறது.

பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1947 ஜூன் 22-ந் தேதி அவருக்கு அர்ச்சியசிஷ்டர் பட்டம் அளித்தார்.

ஓரியூர்ச் செய்தி லிஸ்பனுக்கு எட்டியபோது அரசர் நன்றி வழிபாடு நடத்தச் செய்தார். வயது முதிர்ந்த தாயாரும் அழைக்கப்பட்டாள். முன்னொரு நாள் மகனுக்குக் கறுப்பு அங்கி தைத்துப் போட்டவள் துக்க உடை உடுத்தாமல், திருநாள் உடை அணிந்து கோவிலுக்கு வந்தாள்.