பூட்ஸ் நாடாவுக்கு மாற்று தேடிய ஜட்சன்

எண்ணூர், திருவொற்றியூர் ஆலைகளில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். சுழலும் இயந்திரத்தின் அருகே பூட்ஸ் நாடா அவிழ்ந்து தொங்கினால் ஆபத்து. அவசரமாகக் கழற்றப் போனாலோ, நாடா முடிச்சு விழுந்து கொள்ளும்!

இந்தத் தொல்லையைத் தீர்க்கப் பல ஆண்டுகள் பாடுபட்டவர், அமெரிக்காவைச் சேர்ந்த விட்கோம் ஜட்சன். இன்று உலகமெங்கும் பயன்படும் ‘ஜிப்’புக்கு வித்திட்டவர் அவர்தான். ஆனால், அதன் வெற்றியைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

காற்றால் ஓடும் டிராம்

ஜட்சன் செருப்புத் தொழில் செய்தவர் அல்ல. விவசாய இயந்திரங்களை ஊர் ஊராகச் சென்று விற்றவர். புதிது புதிதாக எதையாவது செய்து பார்ப்பதில் அவருக்கு ஆசை அதிகம்.

அழுத்திய காற்றின் விசையால் டிராம் வண்டியை ஓட்ட அவர் ஒரு முறை கண்டார். அதற்காகக் கம்பெனியும் தொடங்கப்பட்டது. ஆனால் அந்த டிராம் நிலைக்கவில்லை. மின்சார டிராம் போட்டியில் முந்திக் கொண்டது. நம் சென்னையிலும் 1895-ல் மின்சார டிராம்தான் ஓடத் தொடங்கியது. அது 1953 வரை ஓடியது.

டிராம் தோற்றது. ஜட்சன் சோர்ந்து விடவில்லை.

இரண்டு வரிசைக் கொக்கிகள்

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் ஆண்களும் பெண்களும் கணுக்காலுக்கு மேல் வரை உயர்ந்த பூட்ஸ் அணிந்தார்கள். வரிசையாக நாடா கோக்க வேண்டும். அல்லது பொத்தான் போட வேண்டும். காலையில் இது பெரிய வேலை.

ஜட்சன் பூட்சின் இரு ஓரங்களிலும் சிறு கொக்கிகளை வரிசையாக வைத்தார். ஒரு சிறு கருவியை மேலே இழுத்தால், கொக்கிகள் ஒன்றோடு ஒன்று மாட்டிக் கொள்ளும். 1893 ஆகஸ்டு 29-ந் தேதி இதற்குப் பேட்டண்ட் உரிமை கிடைத்தது.

அதே ஆண்டு சிகாகோ நகரில் உலகக் கண்காட்சி நடந்தது. அதையொட்டி நடந்த சர்வ சமய மாநாட்டில்தான் சுவாமி விவேகானந்தர் பேசிப் புகழ் பெற்றார். ஜட்சனின் கருவியும் கண்காட்சிக்கு வந்தது. ஆனால் அதற்கு அதிக வரவேற்பு இல்லை!

நடுவழியில் திறந்தது

லூயிஸ் வாக்கர் என்ற வக்கீல் ஜட்சனை நம்பினார். பணம் போட்டார். கொக்கி செய்ய ஜட்சன் ஓர் இயந்திரம் அமைத்தார். அது அடிக்கடி பழுதானது. பின்னர், துணிப் பட்டையின் ஓரத்தில் கொக்கிகளைப் பதித்துப் பெண்களின் பாவாடைக்கு விற்றார்கள். அது எதிர்பாராத நேரத்தில் திறந்து கொண்டது.

1909 டிசம்பரில் ஜட்சன் காலமானார். அவர் கனவு நிறைவேறவில்லை.

மீண்டும் பூட்சுக்கே!

அதே கம்பெனியில் கிடியன் சண்ட்பேக் என்ற சுவீடன் நாட்டு என்ஜினீயர் வேலை பார்த்தார். குறை எங்கே என்று அவர் ஆராய்ந்தார். கொக்கிதான் குறை! 1913-ல் கொக்கியை எடுத்துவிட்டுச் சிறு பற்களை வைத்தார். ஒவ்வொரு பல்லிலும் மேலே ஒரு மேடு, கீழே ஒரு குழி. ஒன்றின் மேடு அடுத்ததன் குழிக்குள் உட்கார்ந்தது. இழுத்தாலும் பிரியவில்லை.

முதல் உலகப் போரின்போது, கப்பல் மாலுமிகள் பணம் வைக்கும் இடுப்புப் பட்டைகளில் அது இடம் பெற்றது. 1923-ல் குட்ரிச் கம்பெனி தன் ரப்பர் பூட்சுகளில் அதைப் பொருத்தியது. ‘ஜிப்பர்’ என்று பெயரும் வைத்தது. இழுக்கும்போது எழும் ஓசையைக் குறிக்கும் சொல் அது.

பூட்சுக்காகப் பிறந்த எண்ணம், முப்பது ஆண்டுகள் கழித்துப் பூட்சிலேயே பேர் பெற்றது. அப்போது ஜட்சன் இறந்து பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இன்று ராயபுரத்துப் பள்ளிச் சிறுவனின் புத்தகப் பையிலும், துறைமுகத் தொழிலாளியின் மழைக்கோட்டிலும் ஜிப் இருக்கிறது. ஒருவர் நட்டார், இன்னொருவர் தண்ணீர் ஊற்றினார், பலனை உலகம் அனுபவிக்கிறது.